மேற்குக் கட்டின் விரிசல்

ஹெட்டி ஸ்டாக்டேலுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனாலும் ஹேவர்லி மாளிகையில் எல்லோருக்கும் அவள் மிசஸ் ஸ்டாக்டேல்தான். பெரிய வீட்டுச் சாவிக்கொத்து எவள் இடுப்பில் தொங்குகிறதோ அவளுக்கு அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். "புருஷன் இல்லாட்டி என்ன, சாவிக்கொத்து இருக்கே. குடிச்சிட்டு வராது, திருப்பிப் பேசாது" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பதினைந்து வயதில் வேலைக்காரிகளில் கடைசிக்காரியாக உள்ளே வந்தவள், நாற்பத்தொன்பது வயதில் அந்த வீட்டையே கட்டி மேய்த்துக்கொண்டிருந்தாள்.

1953 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கொத்திலிருந்து யாரும் தொடாத ஒரு சாவியை எடுத்து மேற்குக் கட்டைத் திறந்தாள். பின்னாலேயே எசமானி லேடி ட்ரென்ஹோம் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் லண்டனிலிருந்து வந்த கட்டட நிபுணர் லட்லோ, கையில் இரும்பு அளவுகோலும் ஒரு நோட்டுமாக. மாடி அறையில் நாற்காலி மேசையெல்லாம் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தன. கணப்புக்கு மேலே, கூரையிலிருந்து தரை வரை சுவரில் ஒரு விரிசல் ஓடியது. அந்த விரிசலின் குறுக்கே விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை. அதன் இரண்டு முனையிலும் சாந்து வைத்துச் சுவரோடு ஒட்டியிருந்தது. சாந்தில் ஆணியால் கீறிய தேதி: 1922 மே 1. பட்டை நட்டநடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது.

"கொத்தனார் வச்ச சாட்சி இது" என்றார் லட்லோ. "சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது. இங்க பாருங்க, ரெண்டா போயிருக்கு. இந்தக் கட்டு நடுக்கட்டை விட்டுப் பிரிஞ்சு போய்க்கிட்டே இருக்கு. விழறதுக்கு முன்னாடி நாமளே இறக்கிடறது நல்லது. கண்ணாடி பொய் சொல்லாது, லேடி ட்ரென்ஹோம்."

"சொல்லும்" என்றாள் ஹெட்டி.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொன்னீங்க, மிசஸ் ஸ்டாக்டேல்?" என்று எசமானி கேட்டார். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? எங்கே! முப்பத்தொரு வருஷமாக மென்று முழுங்கிய பழக்கம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்லேம்மா, தூசி தொண்டைக்குள்ள போயிடுச்சு" என்று இருமிக் காட்டினாள்.

லட்லோ அளவுகோலை வைத்து விரிசலின் அகலத்தை மூன்று இடத்தில் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கிழக்குக் கட்டைக் கையால் காட்டினார். "ஒண்ணை எடுத்தா அதையும் எடுத்தாகணும். ஒரு தட்டு இல்லாத தராசு மாதிரி நிக்கும், பார்க்கச் சகிக்காது." கிழக்குக் கட்டில்தான் சமையலறை இருந்தது. அதற்கு மேலே ஹெட்டியின் அறை. முப்பத்துநாலு வருஷம் அவள் தலை சாய்த்த இடம் அது ஒன்றுதான். போகிறபோக்கில் அதையும் சேர்த்து வாயாலேயே இடித்துவிட்டு அந்த மனுஷன் தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

அந்த வீட்டைக் கட்டியவர்களுக்கு ஜோடிப் பைத்தியம். நடுக்கட்டு முதலில் வந்தது. அறுபது வருஷம் கழித்துப் பேரன் தலையெடுத்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு கட்டுகளை எழுப்பி, வளைந்த நடைவழிகளால் நடுக்கட்டோடு சேர்த்தான். இங்கே ஏழு ஜன்னல் என்றால் அங்கேயும் ஏழு. மேற்கில் ஏழாவது ஜன்னல் வரவேண்டிய இடத்தில் புகைபோக்கி குறுக்கிட்டது. அதற்காக விட்டுவிடுவார்களா? சுவரில் கறுப்புச் சாயத்தால் ஜன்னல் ஒன்றை வரைந்தே வைத்துவிட்டார்கள். வந்த முதல் வாரத்தில் மேற்கு ஜன்னல் ஏழையும் துடைத்து வா என்று ஹெட்டியை அனுப்ப, உள்ளே ஆறுதான் இருக்கிறது, ஒன்று காணாமல் போய்விட்டது என்று அழுதுகொண்டு திரும்பி வந்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது.

1922 மே மாதம் அப்போதைய எசமான், லேடி ட்ரென்ஹோமின் மாமனார், இந்த விரிசலைப் பார்த்துப் பயந்துபோனார். எஸ்டேட் கொத்தனார் ஜோசையா கிளெக் மட்டும் பயப்படவில்லை. நாற்பத்தேழு வயது, சுவரை விரல்முட்டியால் தட்டியே அதன் வயதைச் சொல்லுகிற ஆள். "இது பழைய விரிசல் ஐயா. புதுசா கட்டினது புது அஸ்திவாரத்துல கொஞ்சம் இறங்கி உக்காந்திருக்கு. உக்காந்தது உக்காந்ததுதான், இனிமே எழுந்திரிக்காது" என்றார். எசமான் நம்பவில்லை. கிளெக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. கண்ணாடிப் பட்டையை ஒட்டித் தேதியைக் கீறினார். "செப்டம்பர் கடைசியில வர்ற மைக்கேல்மஸ் பண்டிகைக்குள்ள இது உடைஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று வாயை விட்டார்.

செப்டம்பரில் வருஷாந்திரச் சுத்தம் நடந்தது. பதினெட்டு வயது ஹெட்டிக்கு மேற்கு மாடியைக் கொடுத்தார்கள். ஒரு நூலாம்படை மிஞ்சினாலும் தோலை உரித்துவிடுவேன் என்று தலைமை வேலைக்காரியின் மிரட்டல் வேறு. கணப்புக்கு மேலே எவனோ கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறான், அதன் மேல் சிலந்தி வலை பின்னியிருக்கிறது. ஒட்டடைக் கம்பை நீட்டி ஒரு இழுப்பு இழுத்தாள். டக் என்று ஒரு சத்தம். துண்டு கீழே விழவில்லை, நடுவில் கோடு மட்டும் விழுந்தது. உடைத்தவளை நற்சான்றுக் கடிதம் தராமல் துரத்துவார்கள். கடிதம் இல்லாதவளை வேறு எந்த வீட்டிலும் வாசற்படி ஏற்றமாட்டார்கள். யாரும் பார்க்கவில்லை என்று அவள் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அது என்ன கண்ணாடி என்று மைக்கேல்மஸ் அன்றைக்குத்தான் தெரிந்தது. எசமானும் கிளெக்கும் மேலே வந்தபோது அவள் கணப்பில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். கிளெக் சிரித்தபடி சுவரண்டை போனார். அப்புறம் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பட்டையைத் தடவினார், விரிசலைத் தடவினார், மறுபடி பட்டையைத் தடவினார். "நான் சொன்னது தப்பு ஐயா" என்றார். ஹெட்டி கரிவாளியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அன்று சாயங்காலமே கிளெக் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மேற்குக் கட்டைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு அந்த வட்டாரத்தில் எவனும் கிளெக்கைச் சுவர் வேலைக்குக் கூப்பிடவில்லை. இருபது வருஷம் கல்குவாரியில் கல் உடைத்தார்.

இதுதான் ஹெட்டி வயிற்றுக்குள் வைத்திருந்தது. லட்லோ போன மறுநாள் அவள் தொப்பியைக் கொண்டையில் ஊசியால் குத்திக்கொண்டு கிளம்பினாள். அந்தக் கட்டு இடிபடக் கூடாது, தான் மறைத்த விஷயத்தாலே இடிபடவே கூடாது, அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது. பழக்கேக் ஒன்று எடுத்துப் போகலாமா என்று யோசித்து, லஞ்சம் மாதிரி இருக்கும் என்று வெறுங்கையோடு நடந்தாள்.

கிளெக்குக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மாதா கோயிலுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கொல்லையில் லீக் கீரைப் பாத்தியைக் கொத்திக்கொண்டிருந்தார்.

"யாரது? பங்களாக்காரியா? வழி தப்பி வந்துட்டியா?"

"உங்களைத்தான் பார்க்க வந்தேன், மிஸ்டர் கிளெக்."

"என்னைப் பார்க்க என்ன இருக்கு? நான் என்ன கண்காட்சியா?"

"மேற்குக் கட்டுல நீங்க ஒட்டின கண்ணாடி..."

"அந்தப் பேச்சை எடுத்தே, மம்பட்டியாலேயே ஒண்ணு போடுவேன்."

"போடுங்க. போட்டுட்டு மிச்சத்தையும் கேளுங்க. அதைச் சுவர் உடைக்கலே. நான் உடைச்சேன். ஒட்டடை அடிக்கும்போது கம்பு பட்டுடுச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு இருந்துட்டேன்."

கிளெக் மம்பட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தார். கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். 

"முப்பத்தொரு வருஷம்" என்றார். "ஊர் பேசினதை விடு. ஊர் என்ன வேணாலும் பேசும். நானே நம்பிட்டேன்டி! ஜோசையா, உனக்குச் சுவர் பார்க்கத் தெரியாதுடான்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். என் தங்கச்சி வீட்டுக் கொல்லைச்சுவர் சாயுதான்னு கேட்டா, எனக்குத் தெரியாது, வேற ஆளைக் கூப்பிடுன்னுட்டேன். ஒரு தோட்டத்து மதிலைக்கூட நான் தொடலே. உனக்குத் தெரியுமா அது?"

"தெரியாது."

"எப்படித் தெரியும்? நீ சாவியைக் குலுக்கிக்கிட்டு வளைய வந்துக்கிட்டிருந்தே. இப்ப எதுக்கு வந்தே? சாகறதுக்கு முன்னாடி பாவத்தைக் கழுவிக்கவா?"

"கட்டை இடிக்கப் போறாங்க. அதை நிறுத்தணும். அதுக்கு உங்க கண்ணு வேணும்."

"ஓஹோ. அப்ப எனக்காக வரலே. சுவருக்காக வந்திருக்கே."

ஹெட்டி யோசித்தாள். "ஆமா, சுவருக்காகத்தான் கிளம்பினேன்" என்றாள். "பாதி வழி வந்தப்புறம்தான் உங்க முகம் ஞாபகம் வந்துச்சு. அப்படியே திரும்பிடலாமான்னு பார்த்தேன்."

"பரவாயில்லையே, உண்மைகூடப் பேச வருதே உனக்கு" என்றார் கிளெக். அதில் இனிப்பு ஒரு சொட்டும் இல்லை. எழுந்து மம்பட்டியைக் கையில் எடுத்தார். "கிழக்குக் கட்டுலயும் இதே விரிசல் இருக்கு, தெரியுமா? சமையலறைப் பாத்திர அலமாரிக்குப் பின்னாடி. நூத்தம்பது வருஷமா அதுக்குக் கீழே கறி வெந்துக்கிட்டிருக்கு, ஒருத்தன் தலையிலயும் விழலே. போ, அலமாரியை நகர்த்திக் காட்டு உங்க எசமானிக்கு. அப்புறம் என்னைக் கூப்பிடு."

அந்த அலமாரி ஓக் மரம், ஆளுயரத்துக்கு மேலே. ஹெட்டியும் சமையற்காரியும் ஒரு மத்தியானம் முழுக்கத் தட்டு, குவளை எல்லாவற்றையும் இறக்கி, கால்களுக்குக் கீழே சோப்பு தேய்த்துத் தள்ளினார்கள். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனால் விரிசல் இருந்தது, அச்சு அசலாக அதே இடத்தில், அதே அகலத்தில். விரிசலைக்கூட ஜோடியாக வைத்திருந்தது அந்த வீடு. எசமானியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். ஒட்டடைக் கம்பு விஷயத்தையும் நின்ற நிலையில் சொல்லி முடித்தாள்.

லேடி ட்ரென்ஹோமின் முகம் சிவந்துபோனது. "என் மாமனார் அந்தப் பக்கம் காத்து அடிச்சாலே தூங்கமாட்டார். உங்களை இந்த நிமிஷமே நான் வெளியே அனுப்பலாம், தெரியுமா?"

"தெரியும்மா. அனுப்புங்க, வேண்டாம்னு சொல்லலே. குளிர் முடியற மார்ச் இருபத்தஞ்சுக்கு அப்புறம் அனுப்புங்க. அதுவரைக்கும் கிளெக் புதுசாக் கண்ணாடி ஒட்டட்டும், மேற்குச் சாவி என்கிட்டே இருக்கட்டும். குளிர்காலம் முழுக்கத் தாங்கிச்சுன்னா சுவர் நல்ல சுவர்தானே?"

ஒற்றைக் காலில் நின்றாள். எசமானி லட்லோவுக்கு எழுதினார். லட்லோ பதில் எழுதினார்: மூன்று பட்டை ஒட்டட்டும், ஒன்று உடைந்தாலும் இடிப்புதான், அதற்கு மேல் பேச்சில்லை. கிளெக் நவம்பர் முதல் வாரம் வந்தார். முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அந்த மாடி ஏறினார். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று ஒட்டினார். ஹெட்டியைத்தான் சாந்து குழைக்க வைத்தார். "கெட்டியாக் குழை. தோசைமாவு மாதிரி ஓடுது" என்பதற்கு அந்த ஊரில் என்ன சொல்வார்களோ அதைச் சொல்லித் திட்டினார். வேலை தவிர ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை. 

அந்தக் குளிர்காலம் சாமானியமில்லை. ஜனவரியில் இரண்டு நாள் சூறைக்காற்று அடித்து எல்ம் மரம் ஒன்று வேரோடு சாய்ந்தது. பிப்ரவரி பிறந்ததும் குழாயெல்லாம் உறைந்தது. ஹெட்டி தினமும் காலை டீ முடிந்ததும் மேலே போய் மூன்றையும் பார்த்துவிட்டு வந்து பூட்டுவாள். அறைக்குள் ஒட்டடைக் கம்பு என்ன, ஒரு கைத்துணிகூட நுழைய அவள் விடவில்லை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மேல்பட்டை உடைந்திருந்தது.

 சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் இது நகர்கிற சுவர்தானா? தான் உடைத்தது போக மிச்சமெல்லாம் உண்மைதானா? கதவைப் பூட்டிக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் கிளெக் வீட்டுக்கு ஓடினாள்.

கிளெக் வந்து ஏணியில் ஏறி மூக்கு உரசுகிற மாதிரி பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "இது சுவர் வேலை இல்லே. சுவர் நகர்ந்தா விரிசலுக்கு நேரா பிளக்கும். இது ஓரத்துல, சாந்துகிட்ட போயிருக்கு. மேல பாரு, ஜன்னல் கண்ணாடியைப் பிடிச்சிருக்கிற ஈயப்பட்டை விலகித் தண்ணி கசிஞ்சிருக்கு. சாந்து ஊறி, உறைஞ்சு, உப்பிக்கிட்டுக் கண்ணாடியைக் கிள்ளிடுச்சு."

"அப்படின்னா அதையே சொல்லுவோம்."

"நான் சொன்னா எவன் கேப்பான்? போன தடவை கேட்டானா? ஒண்ணு உடைஞ்சாலும் இடிப்புன்னு எழுதிக் குடுத்திருக்கான் அந்த லண்டன்காரன்." சட்டைப்பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். அதே நீளம். "பத்து நிமிஷ வேலை. புதுசு ஒட்டிட்டு நவம்பர் தேதியைக் கீறிடறேன். யாருக்கும் தெரியாது."

ஹெட்டி அந்தத் துண்டைப் பார்த்தாள். ஆசை வராமலா இருக்கும்? வந்தது. கிழக்குக் கட்டு, தன் அறை, படுக்கை, எல்லாம் அந்த விரல் நீளத்தில் இருந்தன. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், அதில்தான் அவளுக்கு நல்ல பழக்கமாயிற்றே.

"எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்" என்றாள். "ரெண்டு பேரே ரொம்ப அதிகம். உள்ளே வைங்க அதை."

"இடிச்சிடுவான்டி."

"இடிச்சா இடிக்கட்டும். பொய்யால அது முப்பத்தொரு வருஷம் பூட்டிக் கிடந்துச்சு. அதே பொய்யால அதை நான் திறக்கமாட்டேன்."

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எசமானிக்குச் சொல்லியாகிவிட்டது. மூன்றாம் நாள் லட்லோ வந்து சேர்ந்தார். வந்தவர் நேராக ஏணியில் ஏறினார். கண்ணாடியை லென்ஸ் வைத்துப் பார்த்தார், சாந்தைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். கீழே இறங்கி மற்ற இரண்டையும் பார்த்தார். பிறகு அக்டோபர் நோட்டை விரித்து, அதே மூன்று இடத்தில் அளவுகோலை வைத்தார். எசமானியும் கிளெக்கும் ஹெட்டியும் அளவுகோலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூணு இடத்துலயும் அதே அளவு" என்றார். இன்னொரு தரம் அளந்தார். "அதே அளவுதான். கண்ணாடியை உடைச்சது உறைபனி. சுவர் அசையலே."

லேடி ட்ரென்ஹோம் வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலியில் தூசியோடு தூசியாக உட்கார்ந்துவிட்டார். "அப்போ இடிக்க வேண்டாமா?"

"எதுக்கு இடிக்கணும்? ஜன்னலை முதல்ல சரிபண்ணச் சொல்லுங்க" என்று லட்லோ பேனாவைத் திறந்தார். "அறிக்கையில எழுதிடறேன். 1953 அக்டோபரிலிருந்து சுவரில் அசைவு இல்லை."

கிளெக் தொண்டையைச் செருமினார். "1922-லயும் அசையலேன்னு எழுதுங்க."

"அதெப்படிங்க எழுத முடியும்? அப்ப வச்ச பட்டை விரிசலுக்கு நேரா, நடுவுல பிளந்திருக்கே. அதுக்குக் காரணம் வேணும் இல்லையா?"

எசமானி ஹெட்டியைப் பார்த்தார். லட்லோவிடம் அவர் அதைச் சொல்லியிருக்கவில்லை. மறைத்துக்கொள்ள ஒரு வழி விட்டு வைத்திருந்தார், பெரிய மனசுதான். அந்த அறிக்கை வீட்டுப் பத்திரங்களோடு இரும்புப் பெட்டிக்குள் போகும், இன்னும் இருநூறு வருஷம் வருகிறவன் போகிறவனெல்லாம் எடுத்துப் படிப்பான் என்று ஹெட்டிக்குத் தெரியும்.

"காரணம் நான்" என்றாள். "எழுதிக்கோங்க. ஹென்ரியட்டா ஸ்டாக்டேல், வீட்டு வேலைக்காரி, செப்டம்பர் பதினாலாம் தேதி, ஒட்டடைக் கம்பால் உடைத்தாள். உடைத்ததை மறைத்தாள். கொத்தனார் ஜோசையா கிளெக் சொன்னது சரி. பேரை முழுசாப் போடுங்க, ரெண்டு பேரையும்."

லட்லோ அதை அப்படியே எழுதினார்.   எழுதி முடித்ததும் காகிதத்தை அவளிடம் நீட்டினார்.

"சத்தமாப் படி" என்றார் கிளெக். "எனக்குச் சின்ன எழுத்து தெரியாது."

அவள் படித்தாள்.

"கடைசி வரியை மறுபடி படி."

"கொத்தனார் ஜோசையா கிளெக் 1922-இல் கூறிய கருத்து சரியானது. சுவர் அன்றும் அசையவில்லை."

"இன்னொரு தரம்."

அவள் மறுபடி படித்தாள்.  கிளெக் சுவரண்டை போனார். விரல்களை மடக்கி விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கவும் இல்லை.

"மன்னிப்புக் கேட்டுடாதே, நான் தரமாட்டேன்" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே. "அந்த ஏணியை ஜன்னல் பக்கம் நகர்த்து. ஈயம் எவ்வளவு தூரம் விலகியிருக்குன்னு பார்க்கணும்."

ஹெட்டி ஏணியை நகர்த்தி, அவர் ஏறும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.